ஒருமுறை தட்டினால்

மார்ச் 3

தம்பிக்கு,

அப்பா போனை வைத்துவிட்டார். நான் கேள்வி கேட்டு வாயை மூடவில்லை, அதற்குள் முகத்தில் அடித்தாற்போல் வைத்துவிட்டார். தவறிப்போய் இல்லை. இரண்டு தடவை.

நேற்று நடந்தது. இன்று காலையில் பட்டறையில் ஒரு பெரியவருக்காகச் செய்து மெருகேற்றி வைத்திருந்த மேல்வரிசைப் பல் செட்டைக் கீழே போட்டு உடைத்தேன். பல் செய்ய வந்த நாளிலிருந்து ஒரு பல்லைக்கூட நான் கீழே போட்டதில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். உன் குரலை இனிக் கேட்க மாட்டேன் என்று அந்தப் பராமரிப்பு விடுதியின் வராந்தாவில் நின்று சொன்னேன். அதை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா பக்கவாதத்தில் விழுந்த செய்தி கேட்டு நான் ரயிலேறி வந்து சேர்வதற்குள் அவரை விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "நீ வந்து பாத்துட்டுப் போற விருந்தாளி, உனக்கு என்ன தெரியும்?" என்றாய். தவிரவும் போன்தான் உன் பிழைப்பு. உன் எந்திரத்துக்குள்ளேயே புகுந்து உன்னோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பேச்சு போனாலும் காது நன்றாகவே கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூப்பிடுவேன். வார்டு அம்மா ரிசீவரைத் தலையணையில் அவர் காதோரம் வைத்துவிட்டு, போனை அவருடைய இடது பக்கம் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போவார். நான் பேசுவேன். அவர் வாய் திறந்து பேச முடியாவிட்டாலும் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. அது என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

நீ அந்தப் புது போன்களைப் போட்டாய், அன்றிலிருந்து அப்பா மாறிவிட்டார். முதல் ஞாயிறு வெறும் 'ஸ்ஸ்' என்ற சத்தம்தான். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு என் பாட்டுக்குப் பேசிவிட்டு வைத்தேன். நேற்று நேராகவே கேட்டேன். "அப்பா, நான் வந்து உங்கள எங்கூடவே கூட்டிட்டுப் போகட்டுமா?" டக்கென்று ஏதோ பியானோ சங்கீதம் வந்தது. கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு லைனே போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன், வார்டு அம்மாதான் எடுத்து அவர் காதோரம் வைத்தார். "எம்மேல கோபமாப்பா?" என்றேன். ஒரு துணுக்கு சங்கீதம் வந்து போனது, மறுபடி 'ஸ்ஸ்'. "தம்பி உங்களைக் கேட்டுட்டுத்தான் இங்க சேத்தானா?" மறுபடி ஒரு துணுக்கு, மறுபடி 'ஸ்ஸ்'. கடைசியாக, "சரி, நான் வரட்டுமாப்பா?" என்றேன். சங்கீதம். அப்புறம் லைன் போய்விட்டது.

முன்னறையைக் காலி செய்து கட்டில் போட்டிருக்கிறேன். சக்கர நாற்காலி ஏற வாசல்படியில் பலகை அடித்திருக்கிறேன். எல்லாம் யாருக்கு? மாதக் கடைசிக்குள் முடிவைச் சொல்லாவிட்டால் அவரை நிரந்தரமாக மேல்மாடிக்கு மாற்றிவிடுவதாக விடுதிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் போன்கூடக் கிடையாது. அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்டது இதுதானே. அவருக்கே நான் வேண்டாம் என்றால் நான் யாருக்காக மல்லுக்கட்ட வேண்டும்?

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அப்பா போனை வைத்தாரா? அவரால் ஒரு கரண்டியைத் தூக்க முடியாது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, இடது கையிலும் விரல்கள்தான் கொஞ்சம் அசைகின்றன. தலையணையில் கிடக்கும் ரிசீவரை எடுத்து அவர் எப்படி வைப்பார்? உனக்குப் பிரமை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடுவாய்.

ஆனால் லைன் பழுது என்று மட்டும் சொல்லாதே. அந்த விடுதிக்கு முழுக்க முழுக்க நானே நின்று போட்டது. முன்பெல்லாம் ஒரு பேச்சுக்கு ஒரு ஜோடிக் கம்பி. அப்பா வேலை பார்த்த காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரும்புக் கைகள் கடகடவென்று ஏறி இறங்கி லைனைத் தேடிப் பிடிக்கும், ஞாபகமிருக்கிறதா, நாம் போனால் காதைப் பொத்திக்கொள்வோம். இப்போது விடுதிக்குள் ஒரே ஒரு டிஜிட்டல் லைன் வருகிறது. அதில் முப்பது பேர் ஒரே சமயத்தில் பேசலாம். பேசுகிற குரலை நறுக்கி எண்களாக்கி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி குரலாகச் சேர்த்துக் கொடுக்கிறது. கீழ்த்தளத்தில் குளிரூட்டிய அறையில் துணி பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. அவ்வளவுதான் எக்ஸ்சேஞ்ச்.

நீ கேட்ட 'ஸ்ஸ்' கூடப் பழுது இல்லை. ஒருவர் பேசாமல் இருக்கும்போது அந்த வழியை வீணாக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். பேச்சு அல்லாத எதையும் அது அனுப்பாது. இருமல், நாற்காலி நகரும் சத்தம், மின்விசிறி, எதுவும் போகாது. மூச்சுச் சத்தம்கூட அந்தப் பக்கம் போகாது, அவ்வளவு சுத்தம். ஆனால் ஒரேயடியாக நிசப்தமாக இருந்தால் ஜனங்கள் லைன் செத்துவிட்டது என்று 'ஹலோ ஹலோ' என்று கத்துகிறார்கள். அதனால் கேட்பவர் பக்கத்தில் இருக்கும் பெட்டியே சொந்தமாக ஒரு 'ஸ்ஸ்' போட்டுக் கொடுக்கும். பொய்ச் சத்தம்தான், ஆனால் நிம்மதியாக இருக்கும்.

நீ சொல்கிற அந்த முதல் ஞாயிறுக்கு மறுநாள் இதையெல்லாம் அப்பாவுக்கும் அவர் காதருகே குனிந்து விளக்கினேன். என்ன இருந்தாலும் அவரும் இந்தத் தொழில்தானே. "மூச்சு விட்டாக்கூடக் கேக்காதுப்பா, அவ்வளவு சுத்தம்" என்றேன். கண்ணை அகல விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாக இருந்திருக்கும்.

அவரைக் கேட்காமல் சேர்த்தேன் என்கிறாய். கேட்டேன். "அப்பா, அங்க டாக்டர் எப்பவும் இருப்பாங்க, என் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, உங்களத் தூக்கிட்டு ஏற முடியுமா சொல்லுங்க, அதான் பாத்தேன், சரிதானேப்பா?" என்றேன். கண்ணை மூடித் திறந்தார். சம்மதம்தானே அது?

ஒருவேளை அவருக்கு நிஜமாகவே அலைய விருப்பமில்லையோ என்னவோ. உன்மேல் வெறுப்பு என்று நான் சொல்லவில்லை. களைத்துப்போன மனுஷர். உன் கையெழுத்துத் தாள் வந்தது. மாதக் கடைசியில் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கூத்தில் அந்த வார்டு அம்மா வேறு, அப்பாவின் போனில் ரிசீவர் வைக்கும் இடத்துப் பட்டன் லொடலொடவென்று ஆடுகிறது, மாற்றுங்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். புத்தம்புது போன். என்னத்தைச் சொல்ல.

தம்பி


மார்ச் 13

தம்பி,

'மூச்சுச் சத்தம்கூட அந்தப் பக்கம் போகாது' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி வெகுநேரம் என்னால் படிக்கவே முடியவில்லை.

உனக்குச் சொல்லத் தேவையில்லை என்று எழுதினேனே, அதைச் சொல்கிறேன். அப்பா என்னிடம் மூச்சால்தான் பேசுவார். பழைய போன் இருந்தபோது ஒருநாள் நான் அழுதுகொண்டே, "ஏதாவது சொல்லுங்கப்பா, மூச்சாவது விடுங்க" என்றேன். ரிசீவரில் பலமாக ஒரு மூச்சு வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டோம். ஒரு மூச்சு என்றால் ஆமாம். இரண்டு மூச்சு என்றால் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்ததா, இரண்டு. முதுகு வலிக்கிறதா, ஒன்று. பக்கத்துக் கட்டில்காரர் இன்னும் குறட்டை விடுகிறாரா, ஒன்று, அதிலேயே ஒரு சிரிப்பு இருக்கும். நான் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். முதல் மூச்சு வந்ததும் இரண்டாவது வருகிறதா என்று காத்திருப்பேன். அந்தக் காத்திருப்புக்காகவே வாரம் முழுவதும் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள், அடுத்தவர்கள் பல்லை.

அப்படியானால் அந்த முதல் ஞாயிறு நான் கேட்டது என்ன? அது அப்பா இல்லை. உன் பெட்டி. தூங்குகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்று நிம்மதிப்பட்டேன். "நல்லா தூங்குங்கப்பா" என்று சொல்லி அந்த 'ஸ்ஸ்'ஸுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வைத்தேன். உன் பெட்டிக்கு முத்தம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவர் நெஞ்சு வலிக்க வலிக்க ஊதிக்கொண்டு இருந்தாரோ என்னவோ.

நீ அவர் காதில் குனிந்து சொன்னாயே, மூச்சு விட்டாலும் கேட்காது என்று. அவர் கண்ணை விரித்தது பெருமையில் என்றா நினைத்தாய்?

ஆனால் தம்பி, மூச்சு வராததற்கு இது காரணம் என்றால், போனை வைத்ததற்கு என்ன காரணம்? அது என் பிரமை இல்லை. சரியாகக் கேள்வி முடிந்ததும் சங்கீதம் வந்தது. இரண்டு தடவையும் ஒரே கேள்விக்கு லைன் போனது. அதற்கு உன் தொழில் என்ன பதில் சொல்கிறது? ஒருவேளை தன் மூச்சு போகவில்லை என்று தெரிந்து, அழைத்துப் போகிறேன் என்று தொணதொணக்காதே என்று வேறு வழியில் சொல்லிவிட்டாரா?

போன ஞாயிறு நான் கூப்பிடவில்லை. வருகிற ஞாயிறும் கூப்பிட மாட்டேன், அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்காது. அடுத்த ஞாயிறு, 23ஆம் தேதி, வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடுவேன். நீ போய் அவர் கட்டிலுக்குப் பின்னால் திரைக்கு மறைவில் நில். அவருக்குத் தெரிய வேண்டாம். அதே கேள்வியைக் கேட்பேன். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து எழுது. கூட்டாமல் குறைக்காமல் எழுது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அதையே எழுது, தாங்கிக்கொள்வேன். கையெழுத்துத் தாளை அதுவரை கொடுக்காதே.

அக்கா


மார்ச் 23, ஞாயிறு

அக்கா,

விடுதி வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குப் போகிற தெம்பு எனக்கில்லை. உன் வீட்டு எண்ணுக்கு இங்கிருந்தே போட்டுப் பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் குரலைக் கேட்க மாட்டேன் என்று சொன்னவள், எடுத்திருக்கவும் மாட்டாய். அதனால் எழுதுகிறேன். நீ கேட்டபடி கூட்டாமல் குறைக்காமல்.

திரைக்குப் பின்னால் நின்றேன். வார்டு அம்மா ரிசீவரைத் தலையணையில் வைத்தாள், போனை அவர் இடது கைப் பக்கம் வைத்தாள், போய்விட்டாள். இந்த இரண்டு ஞாயிறும் நீ கூப்பிடவில்லை அல்லவா, போனைக் கட்டிலிலிருந்து எடுக்கவே அவர் விடவில்லையாம். எடுக்கப் போனால் வயரை விரலில் சுற்றிக்கொண்டாராம். பட்டனை நோண்டிக்கொண்டே இருக்கிறார், குழந்தை மாதிரி ஆகிவிட்டார் என்று என்னிடம் குறைப்பட்டாள்.

உன் குரல் தலையணை வழியாகக் கசிந்து எனக்கும் கேட்டது. பட்டறையைப் பற்றி ஏதோ சொன்னாய். அப்புறம் கேட்டாய், "அப்பா, நான் வந்து உங்களக் கூட்டிட்டுப் போகட்டுமா?" அவர் நெஞ்சு மேலெழும்பியது. பெரிதாக ஒரு மூச்சு விட்டார், ரிசீவரின் வாய்ப் பக்கம் பார்த்து விட்டார். எனக்கு இத்தனை தூரத்தில் கேட்டது. உனக்குப் போகவில்லை. "அப்பா? இருக்கீங்களா?" என்றாய். மறுபடி கேட்டாய்.

அப்போது அவருடைய ஆள்காட்டி விரல் மெல்ல ஊர்ந்து போய், ரிசீவர் வைக்கிற இடத்துப் பட்டனை ஒரே ஒரு தடவை தட்டியது.

அக்கா, அது பதில் என்று அப்போதுதான் புரிந்தது. திரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஞாபகமிருக்கிறதா, நீ தோழியோடு மணிக்கணக்கில் பேசுகிறாய் என்று அம்மா நம் வீட்டு போன் டயலுக்குப் பூட்டுப் போட்டதும், அப்பா அந்தப் பட்டனைத் தட்டித் தட்டியே எண்ணைக் கூப்பிட்டுக் காட்டியதும்? "பூட்டு டயலுக்குத்தான், லைனுக்கு இல்ல" என்று சிரிப்பாரே. மூச்சு போகாது என்று நான் போய்ப் பீற்றிக்கொண்டதும், மனுஷர் தன் தொழிலுக்குத் திரும்பிவிட்டார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. எக்ஸ்சேஞ்ச்காரர் மகள், புரிந்துகொள்வாள் என்று நம்பியிருக்கிறார்.

பழைய லைனாக இருந்தால் உனக்கு 'டொக்' என்று கேட்டிருக்கும். என் பெட்டிக்கு அந்தத் தட்டு வேறு உத்தரவு. ஒருமுறை தட்டினால், எதிரில் இருப்பவரைக் காத்திருக்க வைத்து, சங்கீதம் போட்டு, தட்டியவருக்கு வேறு எண்ணைக் கூப்பிட டயல் ஓசை கொடுக்கும். அப்புறம் ஒன்றும் செய்யாவிட்டால் லைனைத் துண்டித்துவிடும். இன்னொருமுறை தட்டினால் சங்கீதம் நின்று பழைய பேச்சு திரும்ப வந்துவிடும். அலுவலகங்களுக்கென்று செய்த வசதி அது. நானே முறைப்படுத்தி வைத்தேன்.

உனக்குப் புரிகிறதா? அவர் போனை வைக்கவில்லை. 'வா' என்றார். அவர் 'ஆமாம்' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் என் எந்திரம் அதை உனக்குப் போனை வைத்ததாகக் காட்டியிருக்கிறது.

இன்னும் இருக்கிறது. தட்டியதும் அவர் காதில் உன் குரல் நின்று டயல் ஓசை வந்ததே, அது என்ன என்று அவருக்குத் தெரியாதா? ஆயுள் முழுக்க லைன் பார்த்தவர். இன்னொரு தட்டுத் தட்டினால் நீ திரும்ப வருவாய் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அந்த விரல் பட்டனுக்கு மேலே போய் நின்றது. நடுங்கியது. தட்டவில்லை. இரண்டாவது தட்டுத் தட்டினால் பதில் 'இல்லை' என்று ஆகிவிடும் அல்லவா. விரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார். உன்னை இழந்தாலும் இழப்பேன், சொன்ன 'ஆமாம்' என்பதை மாற்ற மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் ஓடிப்போய் ரிசீவரை எடுப்பதற்குள் லைன் போய்விட்டது.

உன் முதல் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்துப் படித்தேன். 'எம்மேல கோபமா' என்று கேட்டபோது துணுக்கு சங்கீதம் வந்து லைன் திரும்பியது. அது இரண்டு தட்டு. கோபம் இல்லை. அடுத்த கேள்விக்கும் அதேதான். அவரைக் கேட்டுத்தான் நான் சேர்த்தேனா என்று கேட்டிருக்கிறாய். துணுக்கு வந்து திரும்பியது. அதுவும் இரண்டு தட்டு.

இதை எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியப்போவதில்லை. எழுதுகிறேன். நான் அவரைக் கேட்கவில்லை, அக்கா. கேட்டேன் என்றுதான் இன்று மதியம்வரை சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன். நான் பேசிக்கொண்டே போனேன், அவர் கண் சிமிட்டினார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கண்ணைச் சிமிட்டாத மனுஷன் உண்டா?

உன் கையெழுத்துத் தாள் இத்துடன் இருக்கிறது. அதைக் கிழிக்கிற உரிமை உனக்குத்தான். நாளைக் காலையில் அந்தப் பெட்டியைத் திறக்கிறேன்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

தாளைக் கிழித்துவிட்டேன். துண்டுகளைப் பொறுக்கவும் இல்லை, தரையிலேயே கிடக்கின்றன.

உன் கடிதத்தை வாசல்படியில், அந்தப் பலகைமேல் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, யாராவது போய்விட்டார்களா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, இருக்கிறார் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ மறைக்காமல் எழுதினாய். அதனால் நானும் ஒன்றை மறைக்காமல் எழுதியாக வேண்டும். அந்த மார்ச் 2ஆம் தேதி நான் இரண்டு தடவை கூப்பிட்டதாகத்தான் உனக்கு எழுதினேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். வெட்கத்தில் அதை விட்டுவிட்டேன். இரண்டு தடவை லைன் போன ஆத்திரம். எடுத்த எடுப்பில் கத்தினேன். "சரிப்பா, இனிமே நான் கூப்பிடவே வேண்டாமா? அதானே உங்களுக்கு வேணும்?" என்றேன்.

துணுக்கு சங்கீதம் வந்தது, போனது. வந்தது, போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. நிற்கவே இல்லை, தம்பி. அந்தப் பியானோவை யாரோ பிய்த்துப் பிய்த்துப் போடுவதுபோல வந்துகொண்டே இருந்தது. எந்திரம்கூட என்னைக் கேலி செய்கிறது என்று நினைத்து ரிசீவரை அறைந்து வைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் அந்தச் சத்தம் திரும்பக் காதுக்குள் வந்தது. இரண்டு இரண்டாக. இல்லை, இல்லை, இல்லை, இல்லை. அசையாத கையில் அசைகிற ஒரே விரலை வைத்துக்கொண்டு அத்தனை தடவை தட்டியிருக்கிறார். வார்டு அம்மா சொன்னாளே, பட்டன் லொடலொடக்கிறது என்று. லொடலொடக்காமல் என்ன செய்யும்?

அப்பா ஒருமுறைகூட போனை வைக்கவில்லை. வைத்தது நான் ஒருத்திதான்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. நீ பேசிக்கொண்டே போய்க் காரியத்தைக் கெடுத்தாய், நான் கேட்டுவிட்டுக் காது கொடுக்காமல் கெடுத்தேன். நல்ல பிள்ளைகளைப் பெற்றார் அவர்.

ஞாயிறு கூப்பிடுவேன். அதற்குள் அந்தப் பெட்டியைச் சரிசெய். அவர் மூச்சு எனக்குக் கேட்க வேண்டும், சுத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மின்விசிறி, இருமல், பக்கத்துக் கட்டில் குறட்டை எல்லாம் சேர்ந்தே வரட்டும். நீயும் அறையில் இரு. இந்தத் தடவை திரைக்குப் பின்னால் வேண்டாம், அவருக்கு எதிரில் உட்கார். கேட்டுவிட்டு, வருகிற பதில் எதுவானாலும் அதன்படி நடப்போம். எனக்கு அதில் பயமில்லை. உனக்கு?

அக்கா


மார்ச் 31

அக்கா,

பயமாகத்தான் இருந்தது. இப்போது சொல்லலாம்.

அப்பாவின் போனுக்கு மட்டும் அந்த நிசப்தம் செய்கிற வசதியை எடுத்துவிட்டேன். முப்பதில் ஒரு வழியை அவருக்கென்றே திறந்து வைத்தாயிற்று, அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் அது வேறு யாருக்கும் போகாது. தட்டினால் சங்கீதம் வருவதையும் நிறுத்திவிட்டேன். விடுதி மேலாளர், ஒரு போனுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

நேற்று நீ கேட்டதையும் வந்ததையும் நீயே கேட்டாய், நான் எழுத வேண்டாம். ஒரு மூச்சு. அப்புறம் நீ காத்திருந்தாய், நானும் காத்திருந்தேன், பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிறகு நீ அழுத அழுகை தலையணையெல்லாம் கேட்டது. அப்பா ரிசீவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தது உன் குரல்தான், நீ என்னோடு பேசாவிட்டாலும்.

விடுதி அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை நீ வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். ரயிலில் படுக்க வைத்து அழைத்துப்போக டாக்டர் சரி என்றுவிட்டார், ஒரு நர்ஸ் கூட வருவார். உன் வீட்டில் புதிதாக எந்த போனையும் வாங்கி வைத்துவிடாதே. பழையதே இருக்கட்டும். நான் அவரைக் கூப்பிட்டால் கம்பி வழியாக எல்லாம் வரும்.

நீ வைத்த பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். வழக்கம்போல் ஆரம்பித்தேன், மாடிப்படி, லிஃப்ட், வேலை என்று. பாதியில் எனக்கே கேட்டது, என் குரல். நிறுத்தினேன். "அப்பா, நான் அப்பப்போ அங்க வந்து உங்கள பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, அக்கா. இடையில் எத்தனை சமாதானம் நாக்குவரை வந்தது தெரியுமா, எல்லாவற்றையும் விழுங்கினேன். கடைசியில் நெஞ்சு மேலெழும்பி ஒரு மூச்சு வந்தது, என் கையில் பட்டது.

சந்தோஷப்பட எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்தது வந்துவிட்டால்? அவர் வாயையும், நெஞ்சையும், போர்வைமேல் கிடந்த அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வார்டு அம்மா வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது வரவில்லை.

தம்பி